கடற்கரையில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகு மராமத்து, வலை சீரமைப்பு, நிவாரணத் தொகை என்று தடைக்காலச் செய்திகள் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகின்றன. இராமேசுவரம், பாம்பன், மண்டபம் இறங்குதளங்களில் சங்காயத்தை, அதாவது வலையில் சிக்கும் கழிவு மீனை, நம்பிக் கிடக்கும் நாய்கள் அந்த இரண்டு மாதமும் எதைத் தின்னும் என்பது மட்டும் செய்தியாவதில்லை. நாட்டுப்படகில் வருவதில் கழிவு சொற்பம். அக்னி நட்சத்திர வெயில் வேறு. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, கழுத்தில் பட்டை போட்டிருந்த தடம் மாறாத லாப்ரடாரும், முடி சிக்குப் பிடித்துப் பாய் போலாகிவிட்ட பொமரேனியனும் நிற்பதைப் பார்க்கலாம். அவை அங்கே பிறந்தவை அல்ல. யாரோ வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டவை.

இறக்கிவிடுகிறவர்கள் சொல்லும் சமாதானம் எப்போதும் ஒன்றுதான்: “மீன் கிடைக்கிற இடம், பிழைத்துக்கொள்ளும்.” பிழைக்காது. இறங்குதளத்து நாய்களுக்கு எல்லை உண்டு. ஐஸ் பெட்டி ஓரம் ஒரு கூட்டம், ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு கூட்டம். வீட்டுச் சோறு தின்ற நாய் அதற்குள் நுழைந்தால் முதல் இரவிலேயே கடிபடும். எது மீன், எது விஷம் என்றும் அதற்குத் தெரியாது. வலையிலிருந்து பிரித்து மணலில் எறியும் பேத்தை மீனின் ஈரலிலும் சினையிலும் இருக்கும் விஷம் வேகவைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. தின்ற நாய் தள்ளாடும், வாந்தி எடுக்கும், பின்னங்கால் துவளும், கடைசியில் மூச்சு நிற்கும். பேத்தையைக் கரையில் எறியாமல் குழி தோண்டிப் புதைத்தாலே சில உயிர்கள் தப்பும்.

தனுஷ்கோடிச் சாலையில் விடப்பட்டவை பசியில் பங்குனி ஆமை முட்டைகளைத் தோண்டுகின்றன. ஊருக்குள் வந்தவை ஆட்டைக் கடிக்கின்றன. பிறகு யாராவது சோற்றில் பூச்சிமருந்தைக் கலந்து வைக்கிறார்கள். பழி மட்டும் நாய் மேல்.

இறக்கிவிட்டவர்களைத் திட்டுவது எளிது. ஆனால் இந்தக் கடிதம் பெரும்பாலும் அப்படிப்பட்ட நாயையும் பூனையையும் தூக்கிக்கொண்டு வருகிற நல்லவர்களுக்கு. மீட்ட முதல் வாரத்தில் சாகிற பிராணிகளில் பல, பாசத்தோடு கொடுத்த உணவாலும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மருந்தாலும் சாகின்றன.

முதலில் சோறு. எலும்பும் தோலுமாக வந்த நாய்க்குத் தட்டு நிறையச் சோறும் குழம்பும் வைக்கிறோம். அது ஒரே மூச்சில் தின்னும், வாலாட்டும், நமக்கும் மனம் குளிரும். இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் எழுந்து நிற்க முடியாமல் கிடக்கும், மூச்சு வேகமாகும், சிறுநீர் காபி நிறத்தில் போகும், வலிப்பு வந்தாலும் வரலாம். “சாப்பிட்டு நன்றாகத்தானே இருந்தது” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்விடும். பல நாள் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்து ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் பெருகி, இரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அவை சட்டென்று இறங்கும்போது சிவப்பணுக்கள் உடைகின்றன, இதயத்துடிப்பு தாறுமாறாகிறது. கஞ்சி இலேசான உணவுதானே என்று கேட்பார்கள். இந்த நிலையில் அதுதான் தவறான உணவு, ஏனென்றால் அது முழுக்க மாவுச்சத்து.

கணக்கு இப்படிப் போட வேண்டும். நாயின் இப்போதைய எடையை 30ஆல் பெருக்கி 70ஐக் கூட்டினால், படுத்தே கிடக்கும் நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரி வரும். 10 கிலோ நாய்க்கு 370. முதல் நாள் அதில் கால் பங்கு மட்டும்: அவித்த முட்டை ஒன்று, அதோடு உப்புப் போடாமல் அவித்து முள் நீக்கிய மீன் 20 கிராம். அவ்வளவுதான். அதையும் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இரண்டாம் நாள் பாதி. இரண்டு முட்டையும் எலும்பில்லாத கோழி 30 கிராமும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும். மூன்றாம் நாள் முக்கால், நான்காம் நாள் முழு அளவு. விலா எலும்பு தூரத்திலிருந்தே எண்ணும்படி இருந்தால் ஒவ்வொரு படியையும் இரண்டு நாளாக நீட்டுங்கள். சோறு சேர்ப்பது அதற்குப் பிறகுதான். எடை கூட்டும் வேலையை அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உணவு தொடங்கும் முன்பே வைட்டமின் பி1 ஊசி போட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்தச் சரிவில் முதலில் தீர்ந்துபோகிறவற்றில் அதுவும் ஒன்று. வீட்டில் ஒருவர் மட்டும் சாப்பாடு வைப்பது என்று கட்டாயமாக முடிவு செய்யுங்கள். கணக்குப் பார்த்து ஒருவர் வைக்க, பாட்டி இரக்கப்பட்டு நான்கு இட்லி போட்டால் எல்லாம் வீண்.

தண்ணீரும் அப்படித்தான். தோள்பட்டைத் தோலைப் பிடித்து இழுத்துவிட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் போல நின்றால் உடம்பில் நீர் இல்லை. ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு முறை சில மடக்கு மட்டும் வையுங்கள். வாந்தி எடுக்கிற, எழுந்து உட்கார முடியாத பிராணிக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். அதற்கு சலைன்தான். மாட்டுப்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு கூடும்.

வந்த அன்றே குளிப்பாட்டுவதும், வந்த அன்றே புழு மாத்திரை கொடுப்பதும் இன்னொரு அவசரம். மெலிந்த உடம்பு சூட்டைத் தாங்கிப் பிடிக்காது. இரண்டும் நிலைமை தேறிய பிறகு. நம் பகுதியின் ஈர மணல் கொக்கிப்புழுவுக்குத் தோதானது. ஈறு வெள்ளைத்தாள் போல வெளுத்த குட்டிகளுக்கு அந்தப் புழுதான் காரணமா என்று மலத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மருந்து எடைக்கு ஏற்ப, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஒரு முறை.

பூனைக்குக் கணக்கு வேறு. நாய் பட்டினி கிடந்தால் சில நாள் பொறுக்கும். புது வீட்டுக்கு வந்த பூனை பயத்தில் அலமாரிக்கு அடியில் புகுந்து இரண்டு நாள் தின்னாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறத் தொடங்கும். கொழுத்த பூனைக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். “பசித்தால் தானே வரும்” என்று விடக் கூடாது. உப்பில்லாத மீன் சாற்றை வெதுவெதுப்பாக வைத்தால் வாசனைக்கு வரும். 48 மணி நேரம் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

கடற்கரைப் பூனைக்கு மீனே நோயாகும் என்றால் நம்ப மாட்டார்கள். பச்சை நெத்திலியையும் சாளை வகை மீன்களையும் மட்டுமே தின்று வளரும் பூனைக்கு பி1 சத்து குறையும், அந்த மீன்களில் உள்ள ஒரு நொதி அச்சத்தை அழித்துவிடுவதால். தலை மார்பை நோக்கி மடங்கும், நடை தள்ளாடும், கண்மணி விரிந்தே இருக்கும். ஆரம்பத்தில் ஊசி போட்டால் வேகமாகத் தேறும். மீனை வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு.

தங்கூசி என்கிற தூண்டில் நரம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இந்தக் கரையில் அது இல்லாத இடமில்லை. தூண்டில் முள்ளோடு இரையைத் தின்ற பூனையின் வாயோரத்தில் நரம்பு தொங்கும். சில சமயம் ஆசனவாயிலும் ஒரு முனை தெரியும். கண்டதும் எல்லோருக்கும் கை போகும். இழுக்காதீர்கள். மறுமுனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டியிருக்கும். குடல் அந்த நரம்பின் மேல் பாவாடை நாடாவில் துணி சுருங்குவது போலச் சுருங்கிக் கிடக்கும். இழுத்தால் நரம்பு கத்தி போலக் குடலை அறுக்கும். வெளியே தெரியும் முனையை வெட்டியும் விடாதீர்கள், உள்ளே போய்விட்டால் தேடிப் பிடிப்பது கடினம். ஒரு துண்டுத் துணியால் வாயோரம் தொங்கும் முனையைக் கழுத்துப் பட்டையோடு தளர்வாகக் கட்டி, தண்ணீரும் உணவும் கொடுக்காமல் எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். அந்த வசதி எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை என்று இன்றே விசாரித்து வைப்பது நல்லது. உதட்டில் குத்திய தூண்டில் முள்ளும் இப்படித்தான்: வந்த வழியே இழுத்தால் கொளுக்கி சதையைக் கிழிக்கும். மயக்கம் கொடுத்து, முன்னே தள்ளி, கொளுக்கியை வெட்டி எடுப்பார்கள்.

கழுத்தில் புதைந்த கயிறும் இங்கே அடிக்கடி பார்ப்பது. குட்டியாக இருக்கும்போது கட்டிய நைலான் வலைக்கயிறு, நாய் வளர வளரத் தோலுக்குள் இறங்கிவிடும். நாற்றம்தான் முதல் அடையாளம். வீட்டுக் கத்தரியால் வெட்டப் போனால் கழுத்துக் குழாயில் படும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்புக் கரைத்துப் புண்ணைக் கழுவி, சுத்தமான துணி போர்த்தி அழைத்துச் செல்லுங்கள். குணமான பிறகும் சில மாதம் கழுத்தில் பட்டை கூடாது. மார்போடு மாட்டும் ஹார்னெஸ் போடுங்கள்.

புழு வைத்த புண்ணில் டர்பன்டைன், மண்ணெண்ணெய். சொறிக்குப் படகு என்ஜினின் வேஸ்ட் ஆயில். இந்த இரண்டு வைத்தியத்தையும் நம் ஊர்களில் யாராலும் ஒழிக்க முடியவில்லை. நாய் அதை நக்கும், வயிற்றுக்குள் போகும், தோல் வெந்துபோகும். சொறியில் இரண்டு முக்கிய வகை உண்டு, ஒன்று மனிதருக்கும் ஒட்டும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் மருந்து. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினைக் கண் அளவில் குட்டிக்குப் போடாதீர்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அது பூனையைக் கொல்லும். பாராசிட்டமால் ஒரே மாத்திரை போதும், பூனை பிழைக்காது.

உண்ணியைப் பிடுங்கிப் போட்டு ஓய்ந்தவர்கள் கவனிக்காத ஒன்று: அவை நாயின் மேல் இருப்பதைவிட ஓலைக் கொட்டகையின் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும்தான் அதிகம். முட்டையிடுவது அங்கேதான். இடத்துக்கும் மருந்து அடிக்க வேண்டும். மூக்கில் இரத்தம், வெளுத்த ஈறு, விடாத காய்ச்சல் என்றால் உண்ணிக் காய்ச்சலா என்று இரத்தம் பாருங்கள். டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள். பத்தாவது நாளில் ஓடியாடுகிறது என்று நிறுத்தினால் திரும்பி வரும்.

பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போலக் கட்டி வைத்து இரத்தம் சொட்டும் நாயை “புற்று, இனிக் காப்பாற்ற முடியாது” என்று ஒதுக்குகிறார்கள். இணை சேரும்போது நாய்க்கு நாய் தொற்றும் கட்டி அது. வின்கிரிஸ்டின் ஊசி வாரம் ஒன்றாக நான்கு முதல் ஆறு வாரம் போட்டால் பெரும்பாலும் முழுக்க மறைந்துவிடும். ஊசி போட்ட சில நாள் சிறுநீரையும் மலத்தையும் கையுறை போட்டு அப்புறப்படுத்துங்கள், கர்ப்பிணிகள் பக்கத்தில் போக வேண்டாம். நம்பிக்கையே இல்லை என்று விட்டவற்றில் இவ்வளவு எளிதாகத் தேறும் நோய் வேறில்லை.

பிடிப்பதைப் பற்றி. வலை வீசிப் பிடிக்காதீர்கள். கையில் இருப்பது வலைதான், ஆனால் நாய் அதில் கழுத்தை முறுக்கிக்கொள்ளும். நேராக நடக்காமல் பக்கவாட்டில் போய் உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், அவித்த கோழித் துண்டை எறிந்து எறிந்து தூரத்தைக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டால் நாளைக்கு அது இன்னும் எட்டி நிற்கும். பூனைக்குக் கூண்டு இல்லையென்றால் துளையுள்ள பிளாஸ்டிக் மீன் பெட்டிகள் இரண்டை வாயோடு வாய் கவிழ்த்து நான்கு மூலையிலும் கயிறு கட்டினால் போதும். அடியில் ஒரு பழைய லுங்கி, மேலே போர்த்த ஒரு துண்டு.

தாடை தொங்கி, குரல் மாறி, எச்சில் ஒழுகத் தள்ளாடும் நாயைத் தொடவே கூடாது. உள்ளாட்சி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மீட்பு வேலைக்கு இறங்குகிறவர் 0, 7 ஆகிய நாட்களிலும், பிறகு 21 அல்லது 28ஆம் நாளிலும் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது அவசியம். கடிபட்டால் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பே ஊசி போட்டிருந்தாலும் 0, 3ஆம் நாட்களில் இரண்டு ஊசி உண்டு.

புதிதாக வந்ததை வீட்டு நாயோடு சேர்க்க 14 நாள் பொறுங்கள். குட்டிகளை வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் சாகடிக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். டெட்டாலுக்கும் பினாயிலுக்கும் அசையாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும்.

அரசுத் தரப்பில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி இருக்கிறது. மாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் அழைப்பதே இல்லை. சட்டத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், மாநிலங்களவையில் ருக்மணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியால் வந்தது. பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி பிராணியைக் கைவிடுவது அதன் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு கிலோ மத்தி வாங்க முடியாது. விஷம் வைத்துக் கொல்வது அப்படியல்ல: பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. விஷம் வைத்த சோற்றைத் தின்ற நாய்க்கு எச்சில் பெருகி, கண்மணி புள்ளியாகச் சுருங்கி, தசை துடிக்கும். மருந்து டப்பா கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள். அட்ரோபின் உடனே போட்டால் பிழைக்கும் வாய்ப்புண்டு.

தத்துக் கொடுக்கும்போது ‘இலவசமாக நாய்’ என்று நிலைத்தகவல் போட்டால் முதலில் அழைப்பது தோப்புக்காரரும் இறால் பண்ணைக்காரரும். மோட்டார் கொட்டகையில் சங்கிலி, சுற்றிலும் உப்புத் தண்ணீர், இரண்டு நாளுக்கு ஒரு முறை யாராவது வந்தால் சோறு. அதற்கு இறங்குதளமே மேல். குடம் கணக்கில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் பகுதி இது. 10 கிலோ நாய்க்கு வெயில் காலத்தில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். அதை யார் வைப்பார் என்று கேளுங்கள், பதில் தயங்கினால் கொடுக்காதீர்கள். வீட்டில் ஆட்சேபிக்கிற ஒருவர் இருக்கிறாரா, வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதித்தாரா, வேலை மாறிப் போனால் என்ன செய்வார் என்பதும் முன்பே தெரிய வேண்டும். கருத்தடை செய்யாமல் கொடுக்கக் கூடாது; பெட்டை என்றால் இதில் தளரவே கூடாது, ஏனென்றால் அடுத்த 63 நாளில் சாக்கில் கட்டி வருவது அதன் குட்டிகள். மூன்றாம் நாள், பதினைந்தாம் நாள், மூன்றாம் மாதம் நேரில் போய்ப் பாருங்கள். முதல் சில நாள் அது மூலையில் சுருண்டு, கம்பையும் செருப்பையும் பார்த்து நடுங்கினால் பயப்பட வேண்டாம். உண்மையான குணம் மூன்றாவது வாரத்துக்கு மேல்தான் தெரியும், நல்லதும் கெட்டதும்.

வேறு வழியே இல்லாமல் நாயை விட்டுப் பிரிகிறவர்களும் உண்டு. வெளிநாடு போகிறவர்கள், நோயில் விழுந்தவர்கள். அவர்கள் விமான டிக்கெட் எடுத்த கையோடு, இரண்டு மாதம் முன்பே சொன்னால் ஒரு வீடு தேட முடியும். கொடுக்கும்போது தடுப்பூசி அட்டை, அது வழக்கமாகத் தின்கிற உணவு, துவைக்காத அதன் படுக்கைத் துணி, இவற்றோடு அதன் பெயரையும் சொல்லிவிட்டுப் போகட்டும். இறங்குதளத்திலிருந்து தூக்கி வந்த நாயை ஜிம்மி, மணி, டைகர் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, எதற்குக் காது அசைகிறது என்று பார்ப்பதிலேயே ஒரு வாரம் போய்விடுகிறது.

இப்படிக்கு,
நாய், பூனை மீட்பில் ஈடுபட்டிருக்கும் வாசகர்கள் சிலர்,
மண்டபம்.